தண்டக் காசுக்குக் கணக்கு

"அது உங்கட சங்கத்தின்ரை உள்விவகாரம். நீங்களே கதைச்சு ஒரு முடிவெடுங்கோ."

கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் தனியே போகும்போது இப்போதும் இந்த இரண்டு வசனமும் வந்துவிடும். சில நாள் சரியான பதிலாகத் தெரியும். சில நாள் நினைக்கவே கூச்சமாக இருக்கும்.

2018 சிறுபோகம். நான் ஒரு திட்டத்தில் கமக்காரர் அமைப்புகளோடு வேலை செய்துகொண்டிருந்தேன். குளத்தின் பெயர் வேண்டாம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் மாதிரிப் பெரியது இல்லை; 200 ஏக்கருக்குள் பாயும் சிறுகுளம். தண்ணீர் விடும் மதகான துருசைத் திறப்பது, வாய்க்காலைத் துப்புரவாக்குவது எல்லாம் கமக்காரர் அமைப்பின் பாடு. துருசடியில் வயல் வைத்திருப்பவருக்கு வாய்க்காலில் பற்றை மண்டிக் கிடந்தாலும் தண்ணீர் வந்துவிடும். கடைசி வயல்காரருக்குத்தான் வராது. அதனால் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பதும் கடைசி வயல்காரர்தான். துருசடிக்காரர் வந்தால் வருவார், இல்லாவிட்டால் 'கலியாண வீடு' என்று சொல்லி அனுப்புவார்.

இதை மாற்றத்தான் தண்டம் வைத்தோம். வராவிட்டால் நாளுக்கு 500 ரூபா. தொகையைச் சொன்னது நான். அப்போது எங்கள் பக்கம் கூலி 1,500. அதாவது 500 கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பது கூலிக்கு ஆள் பிடிப்பதைவிட மலிவு. இந்தக் கணக்கு எனக்கு ஏன் ஓடவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. இஸ்ரேலின் ஹைபா நகரில் பிள்ளைகள் பராமரிப்பு நிலையங்களில் இதே கூத்து நடந்திருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டம் போட்டார்கள். பிந்தி வருபவர்கள் குறையவில்லை, கூடினார்கள். அதுவரை ஆசிரியைக்கு முன்னால் இருந்த வெட்கம் போய், பிந்துவதற்கு ஒரு விலை வந்துவிட்டது. தண்டத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 2000 ஆம் ஆண்டே வெளிவந்த ஆய்வு. நான் வாசித்தது வேலையை விட்ட பிறகு.

எங்கள் ஊரிலும் துருசடியில் வயல் வைத்திருந்த ஒருவர், இரண்டு உழவு இயந்திரத்துக்குச் சொந்தக்காரர், முதல் நாளே 1,500 ரூபாவை நீட்டினார். "மூண்டு நாளுக்கும் சேர்த்துப் பிடியுங்கோ."

வாங்கியவர் செயலாளர் அண்ணை. அவரிடம் ஒரு நைலோன் கயிறு இருந்தது, பன்னிரண்டு முழத்துக்கு ஒரு முடிச்சு. ஏக்கருக்கு இரண்டு முடிச்சு வாய்க்கால் என்று கயிற்றை இழுத்துப் பிடித்து, தடி நட்டு, "இது உன்ரை, அது அவன்ரை" என்று பிரித்துக்கொண்டே போவார். தன் பங்கைக் கடைசியில்தான் அளப்பார். பிறகு வரம்பில் குந்தி, சி.ஆர். கொப்பியைத் தொடையில் வைத்து, வந்தவர் பெயருக்கு நேரே நீலப் பேனையால் சரி போடுவார். வராதவருக்குச் சிவப்பில் வட்டம், காசு கட்டியிருந்தாலும் வட்டம்தான். கூட்டத்தில் அந்தச் சிவப்புப் பெயர்களை அவர் உரத்து வாசித்தார். வாசிக்கச் சொன்னது நானா, அவராகவே செய்தாரா? இப்போது குழப்பமாக இருக்கிறது. நான்தான் என்று நினைக்கிறேன்.

காசு வலிக்காதவருக்கு அது வலித்தது. இரண்டாம் முறை துப்புரவுக்கு அவருடைய மகன் வந்தான். வராமல் இருந்த வேறு பலரும் வந்தார்கள். அந்தப் போகம் கடைசி வயலுக்கும் தண்ணீர் போனது. என் மாத அறிக்கையில் இதைப் படத்தோடு போட்டேன்.

பிறகுதான் பொதுக்கூட்டம். உழவு இயந்திரக்காரர் எழும்பி, "தண்டக் காசுக்குக் கணக்கு எங்கை?" என்றார். பின்னால் இருந்து இரண்டு மூன்று குரல், "ஓம், கணக்கு வேணும்." எல்லாம் சிவப்பு வட்டக்காரர்கள். நீலக்காரர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 6,500 ரூபா. தேயிலை, சீனி, ஒரு மண்வெட்டிப் பிடி போக மிச்சம் அப்படியே இருந்தது. கூட்டத்துக்கு முந்தின கிழமைதான் நான் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்திருந்தேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்கள் பார்த்தனீங்கள்தானே?"

அதற்குத்தான் அந்தப் பதில்.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தது அப்படி. வெளியாள் தலையிட்டால் சங்கம் தன் காலில் நிற்காது. 1980களில் கல்ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தில் கமக்காரரை ஒழுங்குபடுத்த இறக்கிய இளைஞர்களை உதாரணம் காட்டுவார்கள். என் திட்டம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. நான் பேசியிருந்தால் அடுத்த கூட்டத்தில் யார் பேசுவது? தவிர, கொப்பி அவர் கையில்தானே இருந்தது? கடைசிப் பக்கத்தைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டியிருக்கலாமே. அவர் கொப்பியை மூடி, மேசையில் வைத்துவிட்டு இருந்தார்.

இப்படி நியாயம் சொல்லிக்கொண்டே வந்தால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். உழவு இயந்திரக்காரர் வீட்டில் நான் பல நாள் மத்தியானம் சாப்பிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் கோழிக்கறி. அந்தக் கணத்தில் அது மனதில் வந்ததா என்று கேட்டால், வரவில்லை என்றுதான் சொல்வேன். நம்புவது உங்கள் விருப்பம்.

எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் என்ற இரண்டு பொருளியலாளர்களின் சோதனை ஒன்று உண்டு. நாலு பேர், ஆளுக்கு 20 காசு. பொதுப் பெட்டியில் போடும் காசை ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடப் பெருக்கி, போட்டவன் போடாதவன் என்று பாராமல் நாலு பேருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். சுற்றுப் போகப்போகப் போடுபவர்கள் குறைவார்கள். 'போடாதவனுடைய மூன்று காசை அழிக்கலாம், ஆனால் அதற்கு உன் ஒரு காசு போகும்' என்று ஒரு விதியைச் சேர்த்ததும் நிலைமை தலைகீழ். கைக்காசு செலவழித்தே தண்டிக்கிறார்கள், பெட்டியும் நிறைகிறது. ஆனால் அங்கே யார் யாரைத் தண்டித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் சிவப்புப் பேனை யார் கையில் இருந்தது என்று நாய்க்கும் தெரியும்.

16 நகரங்களில் இதையே செய்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, மஸ்கட், ஏதென்ஸ் போன்ற இடங்களில் நிறையப் போட்டவர்களையும் பிடித்துத் தண்டித்திருக்கிறார்கள். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பொதுச்சொத்தைச் சனங்கள் தாங்களே காப்பாற்றுவார்கள் என்று காட்டிய எலினோர் ஒஸ்ட்ரமுக்கு 2009 ஒக்டோபரில் நோபல் பரிசு அறிவித்தார்கள். அப்போது நாங்கள் போரில் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமில் தண்ணீருக்குக் கான் வரிசை வைத்துக்கொண்டிருந்தோம். வரிசை குழப்புகிறவனுக்கு முதலில் ஒரு முறைப்பு, பிறகு ஒரு பேச்சு, அதற்கும் கேட்காவிட்டால்தான் கானைத் தூக்கி எறிவது. தண்டனை சின்னதில் தொடங்க வேண்டும் என்று அந்த அம்மா எழுதியதும் இதைத்தான். அங்கே பெண்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், ஒருத்தியைத் தனியே விடமாட்டார்கள். இது எனக்கு முன்பே தெரிந்ததுதான். தெரிந்துகொண்டும் ஒரு மனிதரிடம் ஒரு பேனையைக் கொடுத்தேன்.

அல்லது நான் இதைப் பெரிதாக்குகிறேனோ? அண்ணை செயலாளர் பதவியை விட்டார், அவ்வளவுதான். அடுத்த வருடம் உழவு இயந்திரக்காரர் தலைவராகி, தன் செலவில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் பிடித்து இரண்டே நாளில் வாய்க்காலை வெட்டுவித்தார். ஒருவரும் மண்வெட்டி தூக்கவில்லை. கரை சில இடத்தில் சரிந்ததாம், ஆனாலும் தண்ணீர் போனதாம். எங்கள் கயிறு, கொப்பி, சிவப்பு, நீலம் எல்லாவற்றையும்விட அது சுகமான வழி என்று ஊர் சொன்னால் நான் என்ன மறுமொழி சொல்வது? அவர் ஒரு வருடம் பெக்கோ பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்கலாம்தான். கேட்க நான் அங்கே இல்லை.

போன வருடம் பரந்தன் சந்தியில் அண்ணையைக் கண்டேன். யூரியா பை சைக்கிள் கரியரில் இருந்தது. "இப்ப எங்கை தம்பி வேலை?" என்றார். தேத்தண்ணிக் கடைக்குள் போனோம். வெயில், நெல்விலை, மகளின் சோதனை என்று கதை போனது. நான் கேட்காமலே சொன்னார்.

"கொப்பி என்னட்டைத்தான் கிடக்கு. மிச்சக் காசும் அதுக்குள்ளைதான். பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை."

நான் காற்சட்டைப் பைக்குள் கையை விடுவதற்குள் இரண்டு தேத்தண்ணிக்கும் அவர் காசு கொடுத்துவிட்டார்.