கல்லோடைக்கு 0.85 சரிவராது: இறுதியாண்டு நீர் ஆய்வும் வாய்மொழிப் பரீட்சையும்

பெறுபேறு வந்து நான்கு நாளாகிறது. இப்போதுதான் மூச்சு சீராகியிருக்கிறது. புவியியல் சிறப்புப் பட்டத்துக்கு மலையகத்து ஓடையொன்றை எடுத்து இறுதியாண்டு ஆய்வு செய்யப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு, எண்களெல்லாம் கையில் இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன். எந்த அத்தியாயத்தில் என்ன வரவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை விடுவோம்.

வாய்மொழியில் நின்று பிடிக்கிறவரையும் தடுமாறுகிறவரையும் பிரித்தது ஒரே ஒரு கேள்விதான்: "இந்த 0.85 எங்கிருந்து வந்தது?"

மிதவை முறையில் ஓடையின் பாய்வை, அதாவது செக்கனுக்கு எத்தனை லீற்றர் ஓடுகிறது என்பதை, அளப்பது எல்லோரும் செய்வது. 10 மீற்றர் நீளம் அளந்து, ஒரு தோடம்பழத்தையோ பாதி நிரப்பிய சிறு போத்தலையோ மிதக்கவிட்டு, நேரம் பிடித்து, மேற்பரப்பு வேகத்தைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி, கடைசியில், மேற்பரப்பு வேகத்தைச் சராசரி வேகமாக்க, 0.85 ஆல் பெருக்குவோம். அந்தக் குணகம் ஆழமான, அடி மட்டமான வாய்க்காலுக்கும் பெரிய ஆற்றுக்கும் உரியது. அங்கே அடியில் உராய்வால் குறைகிற வேகம் ஆழத்தின் சிறு பகுதியை மட்டுமே பாதிக்கிறது. தலவாக்கலைப் பக்கத்திலோ அப்புத்தளைப் பக்கத்திலோ தேயிலை மலைக்கு நடுவே இறங்கும் ஓடையில் நீரின் ஆழம் 12 சென்ரிமீற்றர், அதில் கிடக்கும் கல்லின் உயரமும் 12 சென்ரிமீற்றர். கல்லுக்குப் பின்னால் தண்ணீர் நின்று சுழல்கிறது. குறுக்குவெட்டை அளக்கும்போது அந்தச் செத்த நீரையும் பரப்பில் சேர்த்துவிடுகிறோம். மிதவையோ எப்போதும் நடுவில் ஓடும் வேகமான இழையைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஆகவே உண்மையான குணகம் 0.6, 0.7 என்று இறங்கிவிடும்.

கணக்கில் வைத்துப் பாருங்கள். அகலம் 1.2 மீற்றர், சராசரி ஆழம் 0.12 மீற்றர், பரப்பு 0.144 சதுர மீற்றர். மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.25 மீற்றர். பெருக்கினால் செக்கனுக்கு 36 லீற்றர். 0.85 போட்டால் 30.6. அதே இடத்தில் உப்பு முறையில் (மேலே உப்புக் கரைசலை ஊற்றி, கீழே நீரின் மின்கடத்துதிறன் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துப் பாய்வைக் கணிப்பது) அளந்து 21.7 லீற்றர் வந்தால், உங்கள் ஓடையின் குணகம் 0.60. அறிக்கை முழுக்க 30.6 என்று எழுதியவரின் நீர்ச் சமநிலை அட்டவணையில் செக்கனுக்கு 9 லீற்றர் இல்லாத தண்ணீர் ஓடுகிறது.

அதனால் உப்பு முறையைப் படியுங்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். செலவு ஒரு பாக்கெட் உப்பு. திணைக்களத்தில் இருக்கும் கைப்பிடி மின்கடத்துதிறன் மானி போதும்.

இடம் தெரிவு. ஓடை ஒடுங்கி, கல்லில் மோதி நுரைத்து ஓடும் பகுதி வேண்டும். நடுவில் குட்டை இருக்கக்கூடாது. குட்டைக்குள் உப்பு தங்கி, மானியின் எண் இறங்கி முடியாமல் வால் நீண்டுகொண்டே போகும். இடையில் கான் (வடிகால்) வந்து சேரக்கூடாது, பிவிசி குழாய் பிரியக்கூடாது. ஊற்றும் இடத்துக்கும் அளக்கும் இடத்துக்கும் இடையே அகலத்தைப்போல் 25 மடங்காவது தூரம் விடுங்கள், 1.2 மீற்றர் ஓடைக்கு 30 மீற்றர். கலந்துவிட்டதா என்று பார்க்க ஒரு தடவை இடக்கரையில், ஒரு தடவை வலக்கரையில் அளவுங்கள். இரண்டு விடைகளும் 5 சதவீதத்துக்குள் வராவிட்டால் இன்னும் கீழே போங்கள். கீழே குடிதண்ணீர் எடுக்கும் வாய் இருந்தால் அந்த இடத்தில் செய்யவே வேண்டாம். பீலிக்கு (சனங்கள் தண்ணீர் பிடிக்கும் குழாய் வாய்க்கு) மேலே உப்புக் கொட்டுவது ஆய்வு அல்ல.

உப்பு. தூள் உப்பு, கல்லுப்பு வேண்டாம். கல்லுப்பு ஈரம் பிடித்திருக்கும், நிறை பொய் சொல்லும். கரையாத கட்டி கல்லிடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். தூள் உப்பையும் முதல் நாள் சட்டியில் வறுத்து, ஆறவைத்து, காற்றுப் புகாத பையில் 500 கிராமாக நிறுத்துக் கட்டிக்கொண்டு போங்கள். மலையில் தராசு தூக்கித் திரியத் தேவையில்லை. செக்கனுக்கு 20 லீற்றர் அளவில் ஓடும் ஓடைக்கு 500 கிராம் தாராளம். அதை 5 அல்லது 6 லீற்றர் ஓடைத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். வாளியின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். மணல்போல் நெருடினால் இன்னும் கரையவில்லை.

அளத்தல். மானியின் முனையை ஓட்டத்தின் நடுவில், குமிழி படாத இடத்தில், கல்லின் மறைவில் இல்லாமல் வையுங்கள். நுவரெலியாப் பக்கத்தில் காலையில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். பையில் இருந்து எடுத்த முனை அந்தக் குளிருக்கு வர இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். எண் அசையாமல் நின்றதும் ஒரு நிமிடம் பின்னணி அளவு, அதாவது உப்பு வருமுன் உள்ள எண். பிறகு மேலே நிற்பவர் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். கீழே 5 செக்கனுக்கு ஒருமுறை எண்ணை எழுத வேண்டும். எழுத முடியாது, எண் ஓடும். கைப்பேசியில் மானியின் திரையையும் ஒரு கடிகாரத்தையும் ஒன்றாகப் படம்பிடித்துவிட்டு, அறைக்கு வந்து நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். எண் பின்னணிக்குத் திரும்பும்வரை படப்பிடிப்பை நிறுத்தவேண்டாம்.

அளவுதிருத்தம். அன்றே, அதே தண்ணீரில். 10 கிராம் உப்பை 1 லீற்றர் ஓடைநீரில் கரையுங்கள். வேறொரு பாத்திரத்தில் உப்பில்லாத 1 லீற்றர் ஓடைநீர். அதற்குள் முதல் கரைசலில் இருந்து ஊசிக்குழாயால் 1 மில்லிலீற்றர் விட்டால் 10 மில்லிகிராம் சேரும், மானி ஏறத்தாழ 20 மைக்ரோசீமன்ஸ் ஏறும். ஐந்தாறு தடவை விட்டு வரைபு போட்டால் நேர்கோடு வரும். சரிவு ஒரு மைக்ரோசீமன்ஸுக்கு லீற்றருக்கு 0.48 மில்லிகிராம் அளவில் இருக்கும். வெகுவாக மாறினால் மானியைச் சந்தேகியுங்கள்.

கணக்கு. ஒவ்வொரு வாசிப்பில் இருந்தும் பின்னணியைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டி, 5 ஆல் (வாசிப்புகளின் இடைவெளி 5 செக்கன்) பெருக்குங்கள். 48,000 வந்தது என்று வையுங்கள். 0.48 ஆல் பெருக்கினால் 23,040. உப்பு 500,000 மில்லிகிராம். அதை 23,040 ஆல் வகுத்தால் செக்கனுக்கு 21.7 லீற்றர்.

பிழை எந்தப் பக்கம் போகும் என்பதை மனதில் இருத்துங்கள். வாளியில் உப்பு மிஞ்சினால், கல்லிடுக்கில் தங்கினால், ஈர உப்பை நிறுத்திருந்தால், வால் முடியுமுன் நிறுத்திவிட்டால், எல்லாவற்றிலும் நேரத்தோடு மானியின் எண்ணை வரைந்த வளைகோட்டுக்குக் கீழான பரப்பு குறைந்துவிடும். பாய்வு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். உப்புத் தொலைகிற பிழை எதுவும் பாய்வைக் குறைத்துக் காட்டாது. மூன்று தடவை அளந்து ஒன்று மட்டும் கூடுதலாக வந்தால் எதைத் தேடவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். இதைச் சொல்லத் தெரிந்தவரைப் பரீட்சகர் அடுத்த கேள்வி கேட்கும் தொனியே மாறிவிடும்.

பீலியை அளப்பது சுலபம். வாளி, நிறுத்தற்கடிகாரம், மூன்று தடவை. ஆனால் வாளியில் 10 லீற்றர் என்று அச்சிட்டிருப்பதை நம்பவேண்டாம். 1 லீற்றர் போத்தலால் நிரப்பி, உள்ளே கோடு போட்டுக்கொள்ளுங்கள். 5 செக்கனுக்குள் நிரம்பினால் பெரிய வாளி எடுக்கவேண்டும். கை தாமதிக்கும் அரைச் செக்கன் பத்துச் சதவீதப் பிழை.

இனிக் குறிப்புப் புத்தகம். எண்ணை மட்டும் எழுதினால் பின்னால் ஒன்றுமே விளங்காது. ஒரு வரி இப்படி இருக்கவேண்டும் (லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு, கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைக் கத்தரித்து வெட்டுவது):

"காலை 7.10. மேல் லயத்துத் தொட்டிக்குக் குழாய் திறந்திருக்கிறது. நேற்றுப் பின்னேரம் இடிமழை. வலக்கரை மலை கவ்வாத்து வெட்டி மூன்று கிழமை. நீர் கலங்கல். பின்னணி 46."

இந்தக் குழாய் விடயம் முக்கியம். தோட்டத்து ஓடைகளின் தலைமாட்டிலேயே லயங்களுக்கும் தொழிற்சாலைக்கும் தண்ணீர் எடுக்கிறார்கள். விடியற்காலையில் தொட்டி நிரம்பும்வரை ஓடை மெலியும், பிறகு ஏறும். இதைத் தெரியாமல் "காலையில் பாய்வு குறைவு, ஆவியுயிர்ப்பு (மண்ணும் செடியும் நீரை ஆவியாக விடுவது) காரணம்" என்று எழுதினால் வாய்மொழியில் நிற்கமுடியாது. ஆவியுயிர்ப்பால் குறைந்தால் அது பின்னேரத்தில் தெரியும். ஒருநாள் முழுக்க ஓடையோரம் மேலே ஏறி, எத்தனை குழாய், எத்தனை அங்குலம், எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அங்கே இருக்கும் அக்காமாருக்கு எல்லாம் தெரியும்.

கவ்வாத்து, உரம், டொலமைட் (மண்ணின் அமிலத்தைக் குறைக்கப் போடும் தூள்) மூன்றையும் தோட்டத்து அலுவலகத்தில் கேட்டு நம்பர் மலைவாரியாக (தோட்டத்தில் எண் கொடுத்துப் பிரித்த மலைவாரியாக) எழுதிவையுங்கள். கவ்வாத்து முடிந்த மலையில் மண் வெறுமையாகக் கிடக்கும், முதல் மழைக்குக் கலங்கல் ஏறும். உரமும் டொலமைட்டும் போட்டபின் மின்கடத்துதிறன் கூடும். அதைப் பாறையின் இயல்பு என்று எழுதிவிடாதீர்கள்.

மழைத் தரவு. தோட்டத்துப் பதிவேடு பல இடங்களில் அங்குலத்தில் இருக்கும், 25.4 ஆல் பெருக்கவேண்டும். அதைவிடப் பெரிய பொறி திகதி. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் மழை காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. 15ஆம் திகதி காலையில் எழுதிய மழையில் பெரும்பங்கு 14ஆம் திகதி பின்னேரம் பெய்தது. இதைச் சரிசெய்யாவிட்டால் உங்கள் வரைபில் மழை பெய்வதற்கு முந்தின நாளே ஓடை பெருகும். எங்கள் பட்சில் இது ஒன்றுக்கு மேற்பட்ட அறிக்கைகளில் இருந்தது.

வறட்சிப் பாய்வை எப்போது அளப்பது? மேற்குச் சரிவில், அட்டன், நோர்வூட் பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாப் பக்கம் அப்படியல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வரண்ட காற்றாகப் பதுளை, வெலிமடைப் பக்கம் இறங்குகிறது. ஆகவே அங்கே யூன் முதல் ஓகஸ்ட் வரை அளக்கவேண்டும். கால அட்டவணையை மேற்பார்வையாளரிடம் கொடுக்குமுன் உங்கள் ஓடை எந்தச் சரிவில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஆள்கூறு. இலங்கையின் பழைய 1:50,000 படத்தாளில் பேதுருதாலகாலைக்கு 200,000, 200,000 என்று எண் கொடுத்திருக்கும். எஸ்எல்டி99 என்ற புதிய ஆள்கூற்று முறையில் அதே இடம் 500,000, 500,000. புதிய எண்ணைப் பழைய எண்ணாக எடுத்தால் ஓடை கிழக்கே 300, வடக்கே 300 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் போய் விழும். அதைக் கண்ணால் பிடித்துவிடலாம். கைப்பேசி ஜிபிஎஸ் எண்ணை மாற்றாமல் பழைய படத்தில் வைத்தால் நகர்வு சிறிது, கண்ணுக்குத் தப்பும், ஓடை பக்கத்துப் பள்ளத்தில் விழும். அந்தச் சிறு பிழைதான் ஆபத்து.

புவிச்சரிதவியல் பகுதியைச் சுருக்கமாக முடியுங்கள். உயர்தரத்தில் படித்த மூன்று அரிப்பு மேற்பரப்புகள், ஆடம்ஸ் 1929, வாடியா 1945 என்று இரண்டு பக்கம் நிரப்பவேண்டாம். உங்கள் வடிநிலத்தில் என்ன பாறை, மூட்டுகள் (பாறை வெடிப்புகள்) எந்தத் திசை, மேலே உக்கிய மண் எத்தனை மீற்றர், அவ்வளவுதான். மலையகத்தின் அடிப்பாறையான உயர்நிலத் தொகுதியின் சார்னோக்கைட், நைஸ் என்ற கடும்பாறைகள் தங்களுக்குள் தண்ணீர் வைப்பதில்லை. மேலே உக்கிய படையும் பாறையின் வெடிப்புகளும்தான் வைத்திருக்கின்றன. பெப்ரவரியில் மழையில்லாமல் ஓடை ஏன் ஓடுகிறது என்ற கேள்விக்கு விடை அதற்குள் இருக்கிறது. வெடிப்பின் பலத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் உமா ஓயா நீர்த் திட்டத்தைச் சொல்லுங்கள்: 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பெருகியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின.

வெளிக்களத்துக்குப் போகும்போது:
- மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பகல் ஒரு மணிக்குள் ஓடையைவிட்டு ஏறிவிடுங்கள். மேலே பெய்வது கீழே தெரியாது.
- 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மண்சரிவு எச்சரிக்கை தொடங்கும். அன்று போகவேண்டாம். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் புதைந்ததை நினைவில் வையுங்கள்.
- குளவிக்கூடு எந்த மரத்தில் என்று கொழுந்து எடுப்பவர்களிடம் முதலில் கேளுங்கள்.
- திணைக்களக் கடிதம் இல்லாமல் தோட்டத் துரையிடம் (முகாமையாளரிடம்) போகாதீர்கள்.

வாய்மொழியில் கேட்ட மற்றவை: ஏன் மூன்று தடவை மட்டும் அளந்தீர்கள்? மானியைக் கடைசியாக எப்போது திருத்தினீர்கள்? மிதவைக்கும் உப்புக்கும் வித்தியாசம் உயர்பாய்வில் கூடுமா குறையுமா? கடைசிக் கேள்விக்கு ஆயத்தமாகப் போங்கள். தண்ணீர் ஏறி கற்கள் மூழ்க மூழ்க ஓடை வாய்க்காலைப்போல் நடந்துகொள்ளும், குணகம் 0.85 பக்கம் நகரும், வித்தியாசம் குறையும். அதைக் காட்ட இரண்டு வெவ்வேறு நீர்மட்டத்தில் இரண்டு முறையாலும் அளந்த நான்கு எண்கள் ஒரு சிறு அட்டவணையாகக் கையில் இருந்தால் போதும்.