வெறும் 19 கிலோ

"ரெண்டு காலுக்கும் சமமா பாரம் கொடுத்து நில்லுங்க" என்றார் பிசியோ. நின்றேன். வலது பாதத்துக்கு அடியில் ஓர் எடை மெஷின், செயற்கைக் காலுக்கு அடியில் இன்னொன்று. குனிந்து பார்க்கக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிட்டார். அவரே படித்துச் சொன்னார்: வலது 43, இடது 19. என் எடை 62.

கால் போட்டு அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. கைத்தடியோடு வீட்டுக்குள் நடமாடுவேன். ஆனால் அடிக்கு அடி, இடது பக்கம் சாய்ந்து விழுந்துவிடுவேனோ என்று அடிவயிறு கலங்கும். எனக்குத் தைரியம் பத்தவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் போகிறவர்களும் "தைரியமா நட" என்றுதான் சொன்னார்கள். அந்த 19-ஐக் கேட்டதும்தான் உறைத்தது. அந்தக் காலுக்கு நான் வேலையே கொடுக்கவில்லை. அது தாங்குமா தாங்காதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள். சொந்த முட்டி இருக்கிறது, அது பெரிய விஷயம். முட்டிக்கு மேலே எடுத்தவர்கள் செயற்கை முட்டியையும் சேர்த்துப் பழக வேண்டும், அது வேறு கணக்கு.

சும்மா நிற்கும்போதுகூட யாரும் அசையாமல் நிற்பதில்லையாம். உடம்பு முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும், கணுக்கால் அதை நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டே இருக்கும். என் செயற்கைப் பாதத்துக்கு அந்த வித்தை தெரியாது. உள்ளங்காலில் தரை தெரிகிற உணர்வும் போய்விட்டது. அதனால் கணுக்கால் செய்த வேலையை இடுப்பு செய்யணும், உள்ளங்கால் சொன்ன சேதியை சாக்கெட்டுக்குள், அதாவது மிச்சக் காலை நுழைக்கிற செயற்கைக் காலின் குழிக்குள், தேடணும்.

இந்தத் தேடல்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, "இப்ப எங்க அழுத்துது?" என்று கேட்பார். முதல் வாரம் "எல்லா இடத்துலயும்தான்" என்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. குதிகால் தரையில் ஊன்றும்போது, ஸ்டம்பின், அதாவது முட்டிக்குக் கீழே மிஞ்சியிருக்கிற காலின், முன்பக்கம் எலும்பு முடிகிற இடத்திலும், பின்னால் முட்டி மடிப்புப் பக்கமும் அழுத்தும். பாரம் பாதத்தின் நுனிக்கு உருளும்போது அழுத்தம் முட்டிச் சில்லுக்குக் கீழே வந்துவிடும். இது தெரிந்த பிறகு, கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்கிற பழக்கம் குறைய ஆரம்பித்தது. ஆரம்பித்தது, அவ்வளவுதான். என் மகள் ஒருநாள் பின்னாலேயே வந்து, "அம்மா, ஏதாவது தொலைச்சிட்டியா, தரையையே தேடிட்டு வர்ற?" என்றாள். தலை குனிந்தால் உடம்பும் முன்னால் சாய்கிறது, அடி குறுகுகிறது. நடைவழியின் கடைசியில் இருந்த கதவுக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகினேன்.

பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நல்ல காலைத் தாழ்வான ஒரு பலகைமேல் மெதுவாகத் தூக்கி வைத்து, மெதுவாக இறக்குவது. வேகமாகச் செய்தால் பலனில்லை. நல்ல கால் காற்றில் இருக்கிற அந்த இரண்டு மூன்று நொடி முழுப் பாரமும் செயற்கைக் காலில் விழவேண்டும், அதுதான் பாடமே. அப்புறம் நல்ல காலுக்கு அடியில் ஒரு சின்னப் பந்தை வைத்து முன்னும் பின்னும், பிறகு வட்டமாக உருட்டுவது. முதலில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, பிறகு ஒரு கை, பிறகு ஒரே ஒரு விரல். அந்த ஒற்றை விரலை எடுக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. விரல் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை என்று தெரியும், ஆனாலும் எடுக்க மனசு வரவில்லை. வீட்டில் சமையல் மேடையை முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தேன். ஒருக்களித்துப் படுத்து இடது தொடையைப் பக்கவாட்டில் தூக்குவது, குப்புறப் படுப்பது எல்லாம் தனி. இடுப்பின் பக்கத்துத் தசை தளர்ந்தால் நடையில் உடம்பு ஒரு பக்கம் சாயும். ஸ்டம்புக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது சுகமாக இருக்கும், ஆனால் முட்டியும் இடுப்பும் மடங்கியபடியே இறுகிப்போகும் என்று கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்கள்.

இத்தனையும் செய்தும், சாயங்காலம் ஆனால் தடுமாற்றம் திரும்பி வந்துவிடும். காலையில் ஒழுங்காக நடப்பேன், நாலு மணிக்கு மேல் சுவரைப் பிடிப்பேன். அலுப்பு என்று நினைத்தேன், பிறகு பயம் என்று நினைத்தேன். ஒரு மாதம் இப்படியே போனது. கால் செய்து கொடுத்தவரிடம் வேறெதற்கோ போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன். "சாக்ஸ் எத்தனை போட்டிருக்கீங்க?" என்றார். சாக்கெட்டுக்குள் நுழைக்குமுன் ஸ்டம்பின்மேல் மாட்டுகிற துணியுறையைத்தான் கேட்டார். "காலையில போட்டதுதான்." சிரித்துவிட்டார். ஒரே நாளில், காலையிலிருந்து நேரம் போகப் போக ஸ்டம்ப் சுருங்குமாம். சுருங்கினால் சாக்கெட் தொளதொளத்து, ஸ்டம்ப் உள்ளே இறங்கிவிடும். முட்டிச் சில்லின் அடியில் இருந்த சிவப்புத் தடம் அதற்கு அடையாளம். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மெல்லிய சாக்ஸ் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு நாலடி நடந்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. ஒரு மாதமாகப் பயம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தது ஒரு சாக்ஸ்! அன்றிலிருந்து கைப்பையில் இரண்டு இருக்கும். அளவுக்கு மேல் போட்டாலும் வம்பு: ஸ்டம்ப் முழுசாக இறங்காது, கால் நீளமாகிவிடும்.

செருப்பு விஷயத்திலும் நானே கெடுத்துக்கொண்டேன். ஷூவுக்கு ஏற்ற மாதிரிதான் காலின் சாய்மானத்தை ஆலன் கீயால் திருகி வைத்திருந்தார்கள். நான் ஒருநாள் தட்டையான செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சமதரையில் மேடு ஏறுகிற மாதிரி இருந்தது, முட்டி பின்னால் தள்ளியது. குதிகால் உயரம் மாறினால் மொத்தக் காலும் மாறிவிடும் என்று யாரும் சொல்லாமலே அன்று புரிந்தது.

விழுந்த கதையையும் சொல்கிறேன். மூன்றாவது மாதம், நடு ராத்திரி. கால் இருக்கிற மாதிரியே தோன்றும், விரல்கள்கூடத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து, இல்லாத அந்தக் காலை ஊன்றினேன். தையல் போட்ட இடம் தப்பியது, இடுப்பு ஒரு வாரம் வலித்தது. மறுநாள் வெட்கத்தோடு சொன்னதற்குப் பிசியோ ஆச்சரியமே படவில்லை. கனடாவில் கால் எடுத்த 435 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் முந்தைய ஓராண்டில் விழுந்திருந்தார்கள் என்றார். சொல்லிவிட்டு என்னைத் தரையில் உட்கார வைத்தார். "இப்ப எழுந்திருங்க." நாற்காலியைப் பக்கத்தில் இழுத்து, ஒருக்களித்து, கைகளையும் முட்டிகளையும் ஊன்றி, நாற்காலியில் கை வைத்து, நல்ல பாதத்தை முன்னால் ஊன்றி எழ வேண்டும். ஐந்தாவது தடவை தனியாக எழுந்தேன். எல்லாப் பயிற்சிகளிலும் எனக்கு அதிகம் உதவியது இதுதான் என்பேன். விழுந்தால் எழுந்துவிடலாம் என்று தெரிந்ததும் தோள்பட்டை இறுக்கம் விட்டுப்போனது. ராத்திரிக்கு ஊன்றுகோல்கள் இப்போது கட்டிலை ஒட்டி, நான் இறங்குகிற பக்கம் கைக்குத் தட்டுப்படுகிற இடத்தில் இருக்கின்றன.

கடைசியாக வந்தது, நடந்துகொண்டே வேறு வேலை செய்வது. 100-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். 97, 94, 91... அடுத்த எண்ணை யோசித்தேன், கால் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்திலும் கணக்கு இப்படித்தான் காலை வாரியது. பல வாரம் கழித்து 40 வரை நிற்காமல் போனேன், நடுவில் இரண்டு தப்போடு.

படி பழகிவிட்டது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். சரிவில் இறங்குவதுதான் இன்னும் ஒத்துவரவில்லை. பாதம் வளைந்து கொடுக்காததால் முட்டியை முன்னால் தள்ளுகிறது. செங்குத்தாக இருந்தால் வெட்கப்படாமல் பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறேன். ஈரத் தரையில் இன்றைக்கும் சுவரைப் பிடிப்பேன்.

போன வாரம் மறுபடி இரண்டு மெஷின்களிலும் ஏறி நின்றேன். காலையில் இடது 30. சாயங்காலம் 26. ஒரு சாக்ஸ் கூட்டிப் போட்டு ஏறினேன், 29.