க்ளோஷருக்குள் சிக்கிய எண்ணி

மதுரை தல்லாகுளம் வீட்டு மாடியில் அமர்ந்து நான் எழுதிவரும் சிறு கம்பைலரில் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), தான் பிறந்த இடத்தின் மாறிகளையும் உடன் எடுத்துச்செல்லும் செயற்கூறுகளான க்ளோஷர்களுக்குரிய பகுதி ஒரு வாரமாக என்னை அலைக்கழித்தது. அளவுருவின், அதாவது அழைக்கும்போது செயற்கூறுக்குத் தரப்படும் மதிப்பின், வகையை (எண்ணா, எழுத்தா என்பதை) கம்பைலரே ஊகிப்பது கடினமன்று; உடலில் ‘க + 1’ என்றிருந்தால் க முழு எண் என்பதை, 1978-இல் கணினி அறிவியலாளர் ராபின் மில்னர் விவரித்த வழிமுறையே சொல்லிவிடும்.

சிக்கல், க்ளோஷர் வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளும் மாறியில்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையின் காலை விலையைச் சீட்டில் குறித்து வருவதற்கும், மாறிக்கொண்டேயிருக்கும் விலையை ஒவ்வொரு முறையும் போய்க் கேட்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும்: முன்னது மதிப்பு, பின்னது சுட்டு. இந்தக் கம்பைலருக்கான என் நிரல்மொழியில் எல்லாமே மதிப்பு என்று முடிவு செய்திருந்ததால், பூஜ்யத்தில் தொடங்கி அழைக்கும்தோறும் ஒன்று கூடும் எண்ணியைப் பிடித்த க்ளோஷரை நகலெடுத்து, மூலத்தை இருமுறை அழைத்துவிட்டு நகலை ஒருமுறை அழைத்தால் 1 வர வேண்டும், வந்ததோ 3. பிடித்த மாறிகளைத் தாங்கும் பெட்டியை விட்டுவிட்டு, அதன் முகவரியை மட்டும் நகலெடுத்திருக்கிறேன்!

ஸ்விஃப்ட் என்னும் நிரல்மொழியில் க்ளோஷர் சுட்டு வகை என்பதால் 3 வருவதே முறை. ரஸ்ட் என்னும் மற்றொரு நிரல்மொழியில், மாறிகளை க்ளோஷருக்குள்ளேயே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ‘மூவ்’ என்ற சொல்லை எழுதினால் 1 வரும். ஒவ்வொரு க்ளோஷருக்கும் அங்கே தனி வகை உண்டு, பிடித்த மாறிகளும் அவ்வகைக்குள் அடங்கும். எனக்கு இதுவே நேர்மையாகப் படுகிறது. ஆகவே, பிடித்த மாறிகளின் பட்டியலை நானும் ஊகித்த வகையோடு சேர்த்தேன். நகலெடுக்கையில் அவையும் சேர்ந்து நகலாக, நேற்றிரவு 1 வந்தது.