வென்ஃப்ளான் பின்னால் போன ஆய்வேடு

எம்.எஸ்சி நர்சிங் சேருகிற ஜூனியர்கள் யார் போன் செய்தாலும் பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "தீசிஸ் எப்படிக்கா முடிச்சீங்க, என்ன டாபிக் எடுக்கலாம்?" இதுதான் முதல் கேள்வி. தனித்தனியாகச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவு, தென்மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரி, வேலை பார்த்ததும் ஆய்வு செய்ததும் பொது மருத்துவ வார்டில்.

முதலில் தலைப்பு. கல்லூரி நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே அச்சு: இன்ன நோயைப் பற்றி இன்னாருக்கு இருக்கும் அறிவில் திட்டமிட்ட கற்பித்தலால் வரும் பலன். முப்பது கேள்வியோடு ஒரு தேர்வு, பிறகு ஃபிளாஷ் கார்டு வைத்து முக்கால் மணி நேரம் வகுப்பு, ஒரு வாரம் கழித்து அதே முப்பது கேள்வி. மார்க் ஏறாமல் என்ன செய்யும்? ஏறும், முன்னும் பின்னும் வந்த சராசரியை ஒப்பிடுகிற டி-டெஸ்ட் கணக்கைப் போட்டால் அருமையான எண் வரும், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், யாரும் மடக்க மாட்டார்கள். ஆனால் அந்த மார்க் ஏறியதால் வார்டில் படுத்திருக்கிறவருக்கு என்ன மாறியது என்று கேட்டால் பதில் கிடையாது. இந்தப் படிப்புக்கு வருவதற்கு முன்னால் குறைந்தது ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதி வைத்திருக்கிறதே, அந்த ஒரு வருடத்தில் கையில் பட்ட எரிச்சலில் இருந்து ஒரு கேள்வி எடுக்க முடியாதா என்பதுதான் என் வாதம்.

என் எரிச்சல் வென்ஃப்ளான், ட்ரிப்ஸும் மருந்தும் ஏற்றக் கையில் குத்தி வைக்கிற சின்ன பிளாஸ்டிக் குழாய்; கேனுலா, லைன் என்றும் சொல்வோம். எங்கள் வார்டில் 72 மணி நேரம் ஆனால் லைனை மாற்றியாக வேண்டும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. சர்க்கரை, கிட்னி கோளாறு என்று மாதத்துக்கு இரண்டு முறை வந்து படுக்கிற பாட்டிகளுக்குக் கையில் நரம்பே பிடிபடாது. எப்படியோ ஒரு நீல நிற 22 கேஜை (கேஜ் என்பது குழாயின் பருமன் எண்) போட்டு, அது ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது விதிக்காக எடுத்துவிட்டு மறுபடியும் குத்த வேண்டும். அவர்கள் திட்டுவது நம்மைத்தான். மாற்றாமல் விட்டால் நரம்பு அழற்சி, அதாவது ஃபிளெபைட்டிஸ் வரும் என்பது காரணம். இது உண்மையா என்று தேடப்போனபோதுதான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிளேர் ரிக்கார்டும் குழுவினரும் செய்து 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கிடைத்தது. 3283 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு மூன்றாம் நாள் கட்டாயமாக மாற்றினார்கள், இன்னொரு பிரிவுக்குத் தேவைப்பட்டால் மட்டும். ஃபிளெபைட்டிஸ் இரண்டிலும் 7 சதவீதம். அதற்கு முந்தைய வருடமே அமெரிக்காவின் இன்ஃப்யூஷன் நர்சஸ் சொசைட்டி தன் விதிகளை நாள் கணக்கில் இருந்து தேவைக்கு மாற்றியிருந்தது. ரிக்கார்ட் ஒரு நர்ஸ் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாம் தினமும் செய்கிற வேலையை நம் ஆளே கேள்வி கேட்டு, அது லான்செட்டில் வந்திருக்கிறது!

சரி, அதையே இங்கே செய்துவிடலாமா என்றால் முடியாது. பாதிப் பேருக்கு மாற்றாமல் விடுவது என்றால் அது தலையீட்டு ஆய்வு, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும் (2018 ஏப்ரலுக்குப் பிறகு, பின்னால் போய்ப் பதிவது என்ற வழியே அடைபட்டுவிட்டது), அதைவிட முக்கியமாக ஆஸ்பத்திரி விதியை ஒரு மாணவி மாற்ற முடியாது. கைடு மேடம் நிதானமானவர். "நீ எதையும் மாத்தாத, என்ன நடக்குதுன்னு ஒழுங்கா பாரு, அதுவே இங்க யாருக்கும் தெரியாது" என்றார். அப்படித்தான் இது, லைன் போட்ட இடம், கேஜ், உள்ளே போன மருந்து, எத்தனையாம் நாள் வீங்கியது என்று பின்தொடர்ந்து பார்க்கிற ஆய்வாக மாறியது.

சாம்பிள் சைஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது அங்கேதான். எண்ணிக்கை கணிப்பதற்கு 4pq/d² என்ற சூத்திரமே பெரும்பாலும் போதும். p என்பது எத்தனை சதவீதம் பேருக்கு வரலாம் என்பது, q நூறில் மீதி, d எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பது. உங்கள் வார்டு போன்ற இடத்தில் 30 சதவீதம் பேருக்கு ஃபிளெபைட்டிஸ் வரலாம் என்று வைத்துக்கொண்டு, 10 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்றால் 84 பேர். அந்த 10-ஐ 5 ஆக்கினால் 336. துல்லியத்தை இரண்டு மடங்கு கேட்டால் ஆள் நான்கு மடங்கு வேண்டும், இதைப் புரிந்துகொண்டால் ஸ்டாட்டிஸ்டீஷியன் சாரிடம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. புள்ளியியல் நர்ஸுக்கு அந்நியமும் இல்லை. நம் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் படத்துக்கு முன்னால் உறுதிமொழி எடுக்கிறோம், ஆனால் கிரிமியப் போரில் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் சிப்பாய்கள் அதிகம் செத்தார்கள் என்பதை வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர் என்பதையும், 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர் என்பதையும் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. விளக்கு மட்டும் மிஞ்சிவிட்டது.

கான்செப்சுவல் ஃபிரேம்வொர்க், அதாவது ஆய்வுக்கு அடித்தளமாகக் காட்டுகிற கோட்பாட்டுச் சட்டகம், அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தாண்டுகிறேன். நர்சிங் ஆய்வேட்டில் ஒரு தியரி இருந்தே ஆக வேண்டும், வீடன்பாக், ராய், கிங், பெண்டர் என்று யாராவது ஒருவர். பலரும் எல்லாம் முடிந்த பிறகு கட்டமும் அம்புக்குறியும் வரைந்து ஒட்டுகிறார்கள். நான் பெர்டலான்ஃபியின் சிஸ்டம்ஸ் தியரியை வைத்தேன். அவர் உயிரியலாளர், வென்ஃப்ளானை நினைத்து எதையும் எழுதியவர் இல்லை. கமிட்டி ஏற்றுக்கொண்டது.

எத்திக்ஸ் கமிட்டியை எல்லோரும் ஒரு தடைக்கல் மாதிரி பேசுவார்கள். என் ஆய்வில் உருப்படியான கேள்வி வந்தது அங்கிருந்துதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி கமிட்டியில் மருத்துவர்கள் மட்டும் இருந்தால் போதாது, சட்டம் தெரிந்தவர், சமூகவியல் தெரிந்தவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத பொதுமக்களில் ஒருவர், எல்லோரும் வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். மருத்துவர்கள் எல்லோரும் சாம்பிள் சைஸையே சுற்றி வந்தார்கள். வக்கீல் ஒருவர், அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்தவர், "நீங்க பாக்குறப்பவே ஒருத்தருக்கு கை வீங்க ஆரம்பிச்சா என்ன செய்வீங்க? குறிச்சுட்டுப் போயிருவீங்களா?" என்று கேட்டார்.

கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் நர்ஸ், வீங்குகிற கையைப் பார்த்துவிட்டு ஆய்வுக்காகச் சும்மா போக முடியாது. சொல்லி எடுக்க வைத்தால் அந்த லைன் மேற்கொண்டு எப்படிப் போயிருக்கும் என்பது தெரியாது, அதோடு நான் தினமும் வந்து பார்க்கிறேன் என்றாலே வார்டு சிஸ்டர்கள் வழக்கத்தைவிட ஒழுங்காகக் கவனிப்பார்கள், ஆக நான் அளக்கிற வார்டு உண்மையான வார்டு கிடையாது. அழற்சியை 0 முதல் 5 வரை அளக்கிற ஸ்கோரில் (பின்னால் சொல்கிறேன்) 2 வந்தால் உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்லி எடுப்பது, அதையே முடிவுப் புள்ளியாக வைப்பது என்று நெறிமுறையில் எழுதிச் சேர்த்தேன். இரண்டாவது சிக்கலுக்குத் தீர்வு இல்லை, அதை ஆய்வின் வரம்புகளில் ஒளிக்காமல் எழுதினேன்.

சம்மதப் படிவம் தனிக் கதை. முதலில் நான்கு பக்கம் இருந்தது, கமிட்டி இரண்டாகக் குறைக்கச் சொன்னது, குறைத்ததும் நல்லதாகத்தான் போயிற்று. படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக் காட்டி, பெருவிரல் ரேகை வாங்கி, சாட்சியின் கையெழுத்தும் வாங்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு வார்டில் சாட்சிக்கு எங்கே போவது? பக்கத்து பெட் நோயாளியின் மகளைத்தான் கெஞ்சிக் கூப்பிடுவேன். ஒரு தாத்தா, "ஏம்மா, கை நாட்டு வைக்கலைன்னா ட்ரிப்ஸ் ஏத்த மாட்டீகளா?" என்று கேட்டார். இல்லை தாத்தா, வைத்தாலும் வைக்காவிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான் என்றேன். "அப்ப எதுக்கு வைக்கணும்?" என்று வைக்காமலே விட்டுவிட்டார். அதுதான் சரியான சம்மத உரையாடல் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிடிக்கவில்லை என்று ஒருவர் தைரியமாகச் சொல்ல முடிந்ததே.

இனி அளவுகோல். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் 1998-இல் கொடுத்த வி.ஐ.பி. ஸ்கோரைத்தான் (விஷுவல் இன்ஃப்யூஷன் ஃபிளெபைட்டிஸ், லைன் இருக்கிற இடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவது) எடுத்தேன். 0 என்றால் இடம் சுத்தமாக இருக்கிறது. 1 என்றால் லேசான வலியோ சிவப்போ. வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு இருந்தால் 2, அப்போதே லைனை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் நரம்பு கயிறு போலத் தடித்துக் கையில் தட்டுப்படுவது 4, கூடக் காய்ச்சலும் வந்தால் 5. பேப்பரில் எளிது. பெட்சைடில் நின்றால்தான் தெரியும், நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் ஆரம்பச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது! வெயிலில் வேலை பார்த்த முழங்கையில் எது சிவப்பு, எது வெயில் என்று ட்யூப் லைட் வெளிச்சத்தில் யார் சொல்ல முடியும்? மூன்று அடையாளத்தில் ஒன்று பாதி செத்துப்போனால் ஸ்கோர் தானாகக் குறைந்துவிடும், வீங்கப்போகிற கையை நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவோம். அதனால் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது, மறு கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, விரலால் நரம்பின் வழியே தடவிப் பார்ப்பது, இவற்றை அளவிடும் முறையில் சேர்த்து, மதிப்பெண்ணை மட்டும் மாற்றாமல் வைத்தேன். டூல் வேலிடேஷனுக்கு, அதாவது அளவுகோல் சரியா என்று பார்க்கக் கொடுத்த நிபுணர்களில் ஒருவர், மூல அளவுகோலைத் தொடாதே என்றார். தொடவில்லை மேடம், பார்க்கிற விதத்தைத்தான் எழுதியிருக்கிறேன் என்று விளக்கிக் கடிதம் கொடுத்தேன்.

பைலட் ஸ்டடியில், அதாவது முன்னோட்ட ஆய்வில், நானும் இன்னொரு சிஸ்டரும் ஒரே கையை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் மதிப்பிட்டோம். இதில் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். நூறு கையில் தொண்ணூறு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் கையைத் தொடாமலே எல்லாவற்றுக்கும் சைபர் போட்டால் ஒத்துப்போவது நூறு சதவீதம், வீங்கிய பத்துக் கையையும் இரண்டு பேரும் தவறவிட்டிருப்பார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுச் சொல்வதுதான் கோஹெனின் கப்பா. அதைப் போட்டுப் பாருங்கள், முதல் முறை முகம் வாடத்தான் செய்யும். சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டு மறுபடி பாருங்கள்.

டேட்டா எடுக்கிற காலத்தில் வார்டு நமக்காக நிற்காது. நேற்றுப் பார்த்த லைன் இன்று காலை இருக்காது, இரவில் அடைத்துக்கொண்டது என்று எடுத்திருப்பார்கள், ஏன் எடுத்தோம் என்பது கேஸ் ஷீட்டில் இருக்காது. போட்ட நேரத்தை பிளாஸ்டர் மேல் பேனாவால் எழுதியிருப்பார்கள், குளித்தால் அழிந்துவிடும். ஒரே நோயாளிக்கு மூன்று லைன் போட்டால் அது மூன்று சாம்பிளா, ஒன்றா? ஒன்றுதான், ஏனென்றால் அந்த மூன்றும் ஒரே உடம்பு, ஒரே சர்க்கரை, ஒரே மருந்து. அதனால் ஆளுக்கு முதல் லைனை மட்டும் எடுத்தேன். இரண்டாம் நாளே வீட்டுக்குப் போனவரின் லைன் நன்றாக இருந்தது என்பது உண்மை, ஐந்தாம் நாள் வரை இருந்திருந்தால் (விதி இருந்தும் மாற்றாமல் விட்டுப்போகிற லைன்கள் உண்டு) என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாது, ஆகவே எத்தனை சதவீதம் என்பதோடு ஆயிரம் கேனுலா நாளுக்கு எத்தனை என்றும் கணக்கிட வேண்டும்.

லைனை எடுத்த பிறகும் இரண்டு நாள் வரை அழற்சி வரலாம் என்பதால் வீட்டுக்குப் போனவர்களுக்கு போன் செய்தேன். "ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம்" என்றதும் மகன், "பில்லு எல்லாம் கட்டியாச்சே" என்பார். அதற்குப் பிறகு என் பெயரையும் வார்டையும் முதலில் சொல்லப் பழகினேன்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். முழங்கை மடிப்பில் போட்டவை முன்கையில் போட்டவற்றைவிட அதிகம் கெட்டுப்போயின, பொட்டாசியம் ஏற்றிய கைகளும் அப்படித்தான். மூன்றாம் நாளுக்குப் பிறகு திடீரென ஏறும் என்று பலரும் எதிர்பார்த்த கோடு ஏறவில்லை, p மதிப்பு 0.05-க்கு மேல், அதாவது தெரிந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். வைவாவில் வெளித் தேர்வாளர், "அப்போ 72 மணி நேர விதி தப்புன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். என் எண்ணிக்கை அதைச் சொல்லப் போதாது சார், வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல, அதைச் சொல்ல ரிக்கார்டுக்கு 3283 பேர் தேவைப்பட்டது என்றேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

விதி இன்னும் மாறவில்லை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு நர்சஸ் சார்ட்டில் ஒரு கட்டம் மட்டும் சேர்த்திருக்கிறோம், ஷிஃப்டுக்கு ஒரு தரம் லைன் இருக்கிற இடமும் ஸ்கோரும் எழுத வேண்டும். பகலில் நிரம்புகிறது. முப்பது பெட்டுக்கு இரண்டு பேர் நிற்கிற இரவில் பெரும்பாலும் காலிதான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்து யாராவது தலைப்பு கேட்டால் அந்த இரவு ஷிஃப்டையே எடுக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.