அண்ணாச்சி, பவர் பட்டனைத் தொடாதீங்க

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, எடிட்டிங் பெட்டி அப்படியே நிக்கு. மவுஸ் நகருது, எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிரட்டா?"

முக்கால் மணி நேரம் கரண்ட் போய் வந்திருக்கிறது. எடிட்டிங் கணினி இன்வெர்ட்டரில் இருந்ததால் அணையவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும், வீடியோக்களைச் சேமித்து வைக்கும் சர்வர் அணைந்து திரும்ப எழுந்திருக்கிறது. அதன் யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அந்த நேரத்தில் ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தது, அதாவது எடிட் செய்தவை ஒரே கோப்பாகிச் சர்வரில் பதிந்துகொண்டிருந்தன. ஐந்து மணி நேரம் ஓடி 91 சதவீதத்தில் நிற்கிறதாம். மறுநாள் காலை பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். "அண்ணாச்சி, பவர் பட்டனைத் தொடாதீங்க. இதோ வாறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அங்கே சர்வராக இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் போட்ட பழைய மேசைக் கணினி ஒன்று. நான்தான் அமைத்துக் கொடுத்தேன். இரண்டு 4 டிபி டிஸ்க், ஒன்றுக்கொன்று நகல். எடிட்டிங் கணினியில் உபுண்டு, அதுவும் லினக்ஸ்தான். சர்வரின் ஃபோல்டர், நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் என்ற முறையின் மூன்றாம் பதிப்பில் அதில் மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது அதன் சொந்த ஃபோல்டர் போலவே இணைந்திருக்கும்.

என் லேப்டாப்பிலிருந்து, தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் போட்டு எடிட்டிங் கணினிக்குள் நுழைந்தேன். இந்த இடத்தில்தான் பலருக்கும் கை தவறும். பழக்க தோஷத்தில் டிஎஃப் கட்டளையை அடிப்போம், அதுவும் உறைந்துவிடும். ஒவ்வொரு மவுண்டிடமும் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்பது அதன் வேலை, செத்த மவுண்டிடமும் கேட்கும். ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஸும் அப்படித்தான். ப்ராக் ஃபோல்டருக்குள் இருக்கும் மவுண்ட்ஸ் கோப்பைக் கேட் கட்டளையால் படித்தால் ஆபத்தில்லை. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் இருக்கும் பட்டியல், நெட்வொர்க் பக்கமே போகாது. மவுண்ட் விவரம் அங்கே சரியாக இருந்தது: சர்வர் முகவரி 192.168.1.20, வகை ஹார்டு.

அடுத்து, எத்தனை செயல்கள் வரிசையில் நிற்கின்றன என்று காட்டும் லோடு ஆவரேஜ் பார்த்தேன். 11. சிபியு சும்மாவே இருக்கிறது. செயல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் நிலையைக் காட்டும் பத்தியில் வரிசையாக 'டி' எழுத்து. லினக்ஸில் 'டி' நிலையில் காத்திருக்கும் செயல்களும் லோடு கணக்கில் சேரும், அதனால்தான் வேலையே நடக்காமல் 11 காட்டுகிறது. ரெண்டர் செயலும் அந்த வரிசையில் இருந்தது. கெர்னல் பதிவில், சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்ற வரி.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. ஹார்டு மவுண்ட் கைவிடாது. சர்வர் திரும்பும் வரை ஒரு மணி நேரமானாலும் ஒரு நாளானாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். சாஃப்ட் என்று போட்டிருந்தால் சில முயற்சிகளுக்குப் பிறகு ரெண்டர் மென்பொருளிடம் 'எழுத முடியவில்லை' என்று சொல்லியிருக்கும், ஐந்து மணி நேர வேலை அங்கேயே முடிந்திருக்கும். எழுதப்படும் ஃபோல்டருக்குச் சாஃப்ட் போடவே கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

சரி, சர்வர்தான் எழுந்துவிட்டதே, ஏன் இன்னும் ஒட்டவில்லை? 192.168.1.20இல் யாராவது இருக்கிறார்களா என்று பிங் போட்டேன், பதில் வந்தது. இங்கே பத்து நிமிடம் ஏமாந்தேன். பிங் வருகிறது, ஆனால் என்எஃப்எஸ்ஸின் வாசலான 2049 போர்ட்டில் இணைப்பு மறுக்கப்படுகிறது. சர்வரில் என்எஃப்எஸ் சேவை எழவில்லை போல என்று நினைத்து எஸ்எஸ்ஹெச் போட்டால் அதுவும் மறுப்பு. அப்புறம்தான் ஐபி நெய்பர் கட்டளையில் அந்த முகவரிக்கு உரிய மேக் எண்ணை, அதாவது நெட்வொர்க் கருவியின் அடையாள எண்ணைப் பார்த்தேன். இரண்டாவது இலக்கம் 6. அந்த இடத்தில் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்று இருந்தால் அது தொழிற்சாலையில் பதிந்த எண் இல்லை. இன்றைய போன்கள் வைஃபைக்காகத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் எண் அப்படித்தான் இருக்கும்.

கடையில் வேலை பார்க்கும் பையனின் போன்! கரண்ட் வந்ததும் ரவுட்டர் யாருக்கு எந்த முகவரி என்ற பழைய ஒதுக்கீடுகளை மறந்துவிட்டது. சர்வர் எழுவதற்குள் போன் முந்திக்கொண்டு 20இல் முடியும் முகவரியை வாங்கிவிட்டது. சர்வருக்குக் கிடைத்தது 34. எடிட்டிங் கணினி ஒரு மணி நேரமாக அந்தப் போனிடம் கல்யாண வீடியோவைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சர்வருக்கு நிலையான முகவரி ஒதுக்காமல் விட்டது என் தவறு. அண்ணாச்சியிடம் அப்போதே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இந்த இடத்தில் யூமவுண்ட் செய்து, அதாவது இணைப்பைக் கழற்றி, புது முகவரியில் மறுபடி மவுண்ட் செய்யலாம் என்று தோன்றும். செய்யக்கூடாது. யூமவுண்டோடு மைனஸ் எஃப் போட்டால் காத்திருக்கும் கோரிக்கைகள் பிழையோடு திரும்பும், ரெண்டர் செத்துவிடும். மைனஸ் எல் போட்டால் ஃபோல்டர் கண்ணிலிருந்து மறையும், உள்ளே மாட்டியவை மாட்டியபடியே இருக்கும். செயலை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 வேலை செய்யும். 2008இல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து என்எஃப்எஸ்ஸுக்காகக் காத்திருக்கும் செயலை அப்படிக் கொல்ல முடியும். கொல்வதற்கா வந்தேன்?

பையனின் போனில் வைஃபையை அணைக்கச் சொன்னேன். 34 வழியாகச் சர்வருக்குள் போய், ஐபி கட்டளையில் அதே நெட்வொர்க் கார்டுக்கு 20ஐ இரண்டாவது முகவரியாகச் சேர்த்தேன். எடிட்டிங் கணினி நினைவில் வைத்திருந்த போனின் மேக் எண்ணை ஐபி நெய்பர் ஃப்ளஷ் மூலம் துடைத்தேன். பிறகு காத்திருந்தோம். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும், கெர்னல் பதிவில் சர்வர் ஓகே என்று ஒரு வரி விழுந்தது. லோடு 11லிருந்து இறங்க ஆரம்பித்தது. 91 மெதுவாக 92 ஆனது.

நடுவில் சர்வரே செத்துப் பிழைத்திருக்கிறது. அப்படியும் எழுதிய பகுதி எப்படிக் கெடாமல் இருந்தது என்று அண்ணாச்சி கேட்டார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் என்எஃப்எஸ்ஸை வடிவமைத்தபோதே, யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்ற கணக்கைச் சர்வர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு கோரிக்கையும் தனக்கு வேண்டியதைத் தானே சுமந்து வரும். அதனால் சர்வர் விழுந்து எழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1995இல் வெளியான மூன்றாம் பதிப்பில் இன்னொன்றும் சேர்ந்தது. சர்வர் தகவலை வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லலாம், ஆனால் டிஸ்கில் பதிந்துவிட்டேன் என்று உறுதி சொல்லும் வரை அனுப்பிய கணினி தன் பிரதியை விடாது. ஒவ்வொரு பதிலோடும் ஒரு அடையாள எண் வரும். சர்வர் மறுபடி எழுந்தால் அந்த எண் மாறும், மாறினால் அனுப்பிய கணினி உறுதியாகாத பகுதியை முழுவதும் திரும்ப அனுப்பும். ஆக, அந்த ஒரு மணி நேரமும் வீடியோவின் கடைசித் துண்டு எடிட்டிங் கணினியின் ராமில்தான் இருந்தது. பவர் பட்டனை அழுத்தியிருந்தால் அதுவும் போயிருக்கும். "அதான் தொடாதேன்னியா?" என்றார்.

ரெண்டர் முடிந்ததும் நின்ற இடத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். மாங்கல்யம் முடிந்து பந்திக் காட்சி. ஒரு ஃப்ரேம்கூடக் கெடவில்லை.

மறுநாள் ரவுட்டரில் சர்வருக்கு 20ஐ நிரந்தரமாக ஒதுக்கினேன். போன்களுக்கு 100க்கு மேல். பூட் ஆகும்போது எதை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஹார்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, நோஃபெயில் மட்டும் சேர்த்தேன். சர்வர் இல்லாத நாளில் கணினி பூட் ஆகாமல் நிற்கக்கூடாது. யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி புதிது வாங்கி, ரவுட்டரையும் அதிலேயே சேர்த்துச் சொருகினோம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு 20 ஜிபி கோப்பை நகலெடுக்கவிட்டு, நடுவில் சர்வரின் நெட்வொர்க் கேபிளை உருவினேன். நகல் நின்றது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணினார். கேபிளை அவர் கையில் கொடுத்தேன், அவரே சொருகினார். கொஞ்ச நேரத்தில் கோடு நகர ஆரம்பித்தது. "இன்னொரு தடவை உருவு தம்பி" என்றார்.