பிளட் கல்ச்சர்: பாட்டிலின் அடியில் இருந்த சென்சார்

அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. குளிர் ஜுரம் என்று எமர்ஜென்சிக்குக் கொண்டுபோன இரவு பிரஷர் மளமளவென்று இறங்கியது. "ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன் கலந்திருக்கும்போல. கல்ச்சருக்கு எடுத்துட்டு உடனே ஆன்டிபயாடிக் போட்டுடலாம்" என்றார் டியூட்டி டாக்டர்.

கல்ச்சர் என்றால் ரத்தத்தைப் பாட்டிலில் விட்டு, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. இந்த வரிசை ரொம்ப முக்கியம். மருந்து முதலில் உள்ளே போய்விட்டால் கிருமி பாட்டிலில் வளராமல் போகலாம். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடவும் முடியாது. தொற்றால் உடல் உறுப்புகளே தடுமாறும் நிலைக்கு செப்சிஸ் என்று பெயர்; பிரஷர் இறங்கிய செப்சிஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போயாக வேண்டும்.

சிஸ்டர் இரண்டு கைகளிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்து, அது காயும்வரை காத்திருந்தார். ஒரு கைக்கு இரண்டு பாட்டில்: பச்சை மூடி போட்டது ஆக்சிஜனில் வளரும் கிருமிக்கு, ஆரஞ்சு மூடி ஆக்சிஜன் இல்லாமல் வளர்வதற்கு. ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லி. "இவ்வளவா எடுப்பாங்க?" என்று அம்மா முனகினார். எடுக்கத்தான் வேண்டும். செப்சிஸிலும் பல நேரம் ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமிகள்தான் இருக்கும். கொஞ்சமாக எடுத்தால் ஒன்றும் சிக்காது.

பாட்டில்களை லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இதை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, தாமதிக்கவும் கூடாது. அங்கிருந்த டெக்னீஷியன் ஒரு பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடியில் சாம்பல் கலந்த பச்சையில் சின்ன வட்டு ஒட்டியிருந்தது. "இதுதான் சார் சென்சார்."

கிருமி வளர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு விடும். அது வட்டுக்குள் ஊடுருவி, அங்கே அமிலத்தன்மையைக் கூட்டும். வட்டு மெல்ல மஞ்சளாகும். மெஷினுக்குள் 37 டிகிரி அளவில் பாட்டில் இருக்க, 10 நிமிடத்துக்கு ஒரு தரம் எல்.இ.டி. விளக்கு அந்த வட்டின் மேல் சிவப்பு ஒளியை அடிக்கிறது. எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று பக்கத்திலேயே ஒரு ஒளி உணரி அளக்கிறது. வட்டு மஞ்சளாக ஆக, திரும்பும் ஒளி கூடும். அந்த ஏற்றத்தைப் பிடித்ததும் மெஷின் அலாரம் அடிக்கும். இன்னொரு வகை மெஷினில் இதே வேலையை ஒளிரும் சாயம் செய்கிறதாம். ராத்திரி முழுக்க யாரும் பாட்டிலைத் திறக்காமல், தொடாமல் ஒரு வெளிச்சம் காவல் இருக்கிறது என்பது எனக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸுக்கு முன்பே லேபிலிருந்து வார்டுக்குப் போன் வந்துவிட்டது. இரண்டு கைகளிலும் எடுத்த ரத்தம் பாசிட்டிவ், அதாவது கிருமி வளர்ந்திருக்கிறது. ஒரு பாட்டில் மட்டும் பாசிட்டிவாகி, அதில் தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி வந்திருந்தால், ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டதோ என்று டாக்டர்கள் யோசிப்பார்களாம். இரண்டு இடத்தில் எடுப்பதன் பலன் அதுதான்.

ஆனால் ஏதோ வளர்கிறது என்பதோடு மெஷினின் வேலை முடிந்தது. என்ன கிருமி என்று அது சொல்லாது. பாட்டிலிலிருந்து ஒரு துளி எடுத்து, கிராம் ஸ்டெயின் என்ற சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் கிராம் நெகட்டிவ் வகை, குச்சி வடிவம் என்று தெரிந்தது. சிறுநீர்ப் பாதையிலிருந்து வந்திருக்கும் என்ற சந்தேகம் வலுத்தது. அப்புறம் அதைத் தட்டில் வளர்த்து, ஈ.கோலை என்று உறுதிசெய்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புதான் கொடுமை. ரிப்போர்ட்டில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு நேராக 'ரெசிஸ்டன்ட்', அதாவது அதற்குக் கிருமி அடங்காது என்று இருந்தது. டாக்டர் மெரோபெனெம் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார். அதன் பிறகு ஜுரம் விட்டது, அம்மா தானாகவே கஞ்சி கேட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், "ஆன்டிபயாடிக்குக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்தாச்சா, ரெண்டு கையிலயும் எடுத்தீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 48 மணி நேரத்தில் 'நோ குரோத்' என்று வந்தால் அது இடைக்கால ரிப்போர்ட்தான், பாட்டில் வழக்கமாக 5 நாள் மெஷினில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டின் காப்பியையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். அடுத்த தடவை ஜுரம் வந்தால் முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்கும் டாக்டருக்கு அது வேண்டியிருக்கும்.