பார்த்தவனே அறிந்தவன்: ‘ஒய்தா’ என்னும் கிரேக்க வினை

பண்டைக் கிரேக்கத்தைத் தனியாகப் பயின்றுவரும் எனக்கு, தொடக்கத்தில் பெரும் தொல்லை தந்த வினை ‘ஒய்தா’. ‘நான் அறிவேன்’ என்று அகராதி பொருள் கூறுகிறது. வடிவத்தை நோக்கினாலோ அது நிகழ்காலம் அன்று, செயல் முடிந்து அதன் விளைவு நிலைத்திருப்பதைக் காட்டும் நிறைவுக்காலம். அதன் வேர் ‘பார்’ என்னும் பொருளுடையது. ‘பார்த்தேன்’ என்பதற்குரிய ‘எய்தொன்’ என்ற சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறக்கிறது. ஆகவே ‘ஒய்தா’ என்று சொல்பவன் பார்த்து முடித்த நிலையில் இருப்பவன். பார்த்து முடித்ததனால் அவனுக்கு அது தெரியும். நிறைவுக்காலமே நிகழ்காலத்தின் வேலையைச் செய்வதால், ‘அறிந்திருந்தேன்’ என்று சொல்ல அதற்கும் முந்தைய காலத்தின் வடிவத்தை எடுத்தாள வேண்டியிருக்கிறது.

ஒருமையில் ஒய்தா, ஒய்ஸ்தா, ஒய்தே என்று வரும் இவ்வினை, பன்மையில் திடீரென இஸ்மென், இஸ்தே, இஸாஸி என்று முகம் மாறிவிடுகிறது. இது ஒழுங்கின்மை என்று எண்ணி நெடுநாள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். உண்மையில் இது மிகப் பழைய ஒழுங்கு: ஒருமையில் வேரின் உயிரொலி வலுத்தும், பன்மையில் மெலிந்தும் நிற்கும். ஹோமரின் காவியமான ஒடிசியின் 12ஆம் காண்டத்தில், டிராய் நகரில் நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று கடல் மோகினியர் பாடும்போது ‘இத்மென்’ என்கிறார்கள். ஏதென்ஸ் நகரத்து ‘இஸ்மென்’ என்பதைவிட அதுவே மூத்த வடிவம். சொல்முதலில் ஒரு காலத்தில் இருந்த வகர ஒலியைச் சேர்த்து, வேதகால வடமொழியின் ‘வேத, வேத்த, வித்ம’ என்னும் வடிவங்களோடு ஒப்பிட்டால் உறவு பளிச்சென்று விளங்கும். பிற கிரேக்க வினைகள் நிறைவுக்காலத்தில் முதலசையை இரட்டிக்க, இவ்வினை இரட்டிப்பதில்லை. வடமொழி வினையும் அப்படியே. நாம் வழங்கும் ‘வேதம்’ என்ற சொல்லும் அந்த வேரினதே.

பார்வையும் அறிவும் ஒரே சொல்லில் தங்குவது தமிழருக்குப் புதிதன்று. மலை தெரிகிறது என்கிறோம், விடை தெரியும் என்கிறோம். (கிரேக்கர் முடிந்த காலத்தைக் கொண்டு சொல்வதை நாம் எதிர்கால வடிவத்தால் சொல்கிறோம் என்பது தனி வேடிக்கை.)

அரிஸ்டாட்டிலின் மெய்யியல் நூல், மனிதர் அனைவரும் இயல்பாகவே அறிவை நாடுகின்றனர் என்று தொடங்குகிறது. அங்கே வருவது ‘எய்தெனாய்’, அதாவது இவ்வினையின் எச்ச வடிவம். அடுத்த தொடரிலேயே அவர் புலன்களைப் பற்றி, அதிலும் எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். தமிழாக்கத்தில் ‘அறிய’ என்று எழுதினால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும். ‘தெரிந்துகொள்ள’ என்று எழுதுவதையே நான் விரும்புவேன்.